இரும்புக் கூரை போட்ட மொறிஸ் மைனர்

எங்கட காரை விக்கவேணுமெண்டு நான் வெளிக்கிட்டது பங்குனியில. அது வளவை விட்டுப் போனது ஆவணியில. இடையில வந்து பாத்திட்டுப் போன சனத்துக்கு ஊத்தின தேத்தண்ணியை வாய்க்காலுக்குள்ள விட்டிருந்தா ஒரு வயல் பாய்ஞ்சிருக்கும். களைச்சுப்போனன், உண்மையைச் சொன்னா. கார் வித்த களைப்பு மட்டுமில்லை இது. அந்தக் காரோட சேர்த்து ஒரு மனுசனையும் கட்டி இழுத்த களைப்பு.

மனுசன் எண்டது என்ர அவர், யோகநாதன். துணுக்காயில வந்து யோகநாதன் வீடு எதெண்டு கேட்டா ஒருத்தருக்கும் விளங்காது. மைனர் யோகத்தார் வீடெண்டு கேக்கவேணும். மைனரெண்டவுடனை வேற மாதிரி யோசிக்காதையுங்கோ. உந்த மூஞ்சிக்கு அது ஒண்டுதான் குறைச்சல். கார்தான் மொறிஸ் மைனர்.

அதுவும் அவற்ர காரில்லை, என்ர கார். எனக்குச் சீதனமா வந்தது. அப்பா நீர்ப்பாசனத்தில ஓவசியரா இருந்தவர், சாவகச்சேரி ஆள். கோழி மேய்ச்சாலும் கோறணமேந்தில மேய்க்கவேணும் எண்டு நம்பின சாதி. எனக்கும் அரசாங்க உத்தியோக மாப்பிளைதான் தேடித் திரிஞ்சவர். என்ர சாதகத்தில செவ்வாய் ஒரு கூடாத இடத்தில குந்திக்கொண்டிருந்தபடியா வந்த உத்தியோகமெல்லாம் வந்த வழியால போட்டுது. கடைசியில பொருந்தினது வவுனிக்குளத்துக் குடியேற்றத் திட்டத்தில காணி எடுத்து வந்த ஒரு குடும்பத்தின்ர மூத்த பொடியன். கமக்காரனுக்குப் பிள்ளையைக் குடுக்கிறமே எண்ட கவலையில அப்பா தன்ர காரையும் சேர்த்துத் தந்துவிட்டார்.

அது மேல் திறக்கிற கார். வெள்ளைக்காரத் தோட்டத்துரை ஒருத்தர் தன்ர ஊருக்குப் போகேக்க அப்பாவுக்கு வித்திட்டுப் போனது. ரெண்டு கதவு, வெளிறின பச்சை, மேல தகரமில்லை, கன்வஸ் கூடாரம். கொழுக்கியைக் கழட்டிப் பின்னால மடிச்சு விட்டா மேல வானம்தான். கலியாணம் முடிஞ்சு துணுக்காய்க்கு வரேக்க கூடாரத்தை மடிச்சுவிட்டுத்தான் ஓடி வந்தவர். வடிவா இருக்குமெண்டு பாத்தா, றோட்டுச் செம்புழுதி முழுக்க என்ர முகத்திலயும் கூறைச்சீலையிலயும். வந்து இறங்கேக்க பொம்பிளையைப் பாக்க நிண்ட சனம், "பொம்பிளை நல்ல சிவலை" எண்டு கதைச்சதாம். குளிச்சு வந்தாப் பிறகுதான் என்ர நிறம் தெரிஞ்சது.

அதுக்குப் பிறகு அவர் வயலை என்னட்டையும் தம்பிமாரிட்டையும் விட்டிட்டுக் காரை வாடகைக்கு ஹயர் ஓடத் தொடங்கினார். காலமை எழும்பி எனக்கு முகம் காட்ட முந்தி காருக்குத்தான் முகம் காட்டுவார். கொதிச்சுப்போகும் எனக்கு. ஆனா சும்மா சொல்லக்கூடாது, ஓட்டம் நல்ல ஓட்டம். சண்டைக்குள்ள அரசாங்கம் பெற்றோல் வரவிடாமல் மறிச்சிருந்த காலத்தில வன்னி முழுக்கக் கார்கள் மண்ணெண்ணெயிலதான் ஓடினது. மூடியளவு பெற்றோலை விட்டு ஸ்டார்ட் பண்ணி, சூடேறினவுடனை மண்ணெண்ணெய்க்கு மாத்திவிடுவார். போற வழியெல்லாம் குப்பிவிளக்கு மணக்கும். மல்லாவி ஆஸ்பத்திரிக்கு இவர் ஏத்திக்கொண்டு போன பிள்ளைப்பெறு எத்தினையெண்டு அவருக்கே தெரியாது. கூடாரத்தைக் கழட்டிவிட்டா ஒரு ஆளைக் கால் நீட்டிப் படுக்க வைக்கலாமெண்டபடியா எல்லாரும் எங்கட காரைத்தான் கேட்டு வருவினம்.

அப்பிடி ஒருநாள் பனங்காமத்துப் பக்கம் இருந்து ஒரு பிள்ளைத்தாச்சியை ஏத்திக்கொண்டு வரேக்க ஆமியின்ர ஹெலி வந்து மேல சுத்தத் தொடங்கியிட்டுது. மரம் மறைப்பில்லாத வயல் றோட்டு. கூடாரம் கழட்டின காருக்குள்ள அந்தப் பொம்பிளை மல்லாக்கக் கிடந்தபடி ஹெலியையே பாத்துக்கொண்டு வந்ததாம். சுடேல்லை, திரும்பிப் போட்டுது. பிள்ளையும் நல்லபடியாப் பிறந்தது. ஆனா எங்கட ஆள் அண்டைக்கு வீட்டை வந்து சாப்பிடேல்லை. "மேல ஒண்டுமில்லைக் கமலா, மேல ஒண்டுமில்லை" எண்டு அதையே சொல்லிக்கொண்டு இருந்தார்.

செல்லடிக்குப் பயந்து தோண்டின பங்கருக்கு மேல தண்டவாளம் அடுக்கின காலம் அது. தலைக்கு மேல என்னத்தைப் போடலாமெண்டுதான் எல்லாருக்கும் யோசினை. இவர் என்ன செய்தாரெண்டா, மாங்குளம் றெயில் ஸ்ரேசனில பிரிஞ்சுபோய்க் கிடந்த சாமான் கோச்சிப் பெட்டியின்ர இரும்புத் தகட்டை மாட்டுவண்டிலில ஏத்திக்கொண்டு வந்து, கராஜ் இளையதம்பியைப் பிடிச்சு, காருக்குக் கூரையா வெல்டிங்கில ஒட்டிப்போட்டார். திறக்கிற கார் திறக்காத காராப் போச்சு. முன்கண்ணாடிக்கு மேலால ஒரு சாணுக்குக் கிட்ட நீட்டிக்கொண்டு நிக்கும், தொப்பி போட்ட மாதிரி. பாரத்துக்கு வில்லெல்லாம் அமந்து கார் பதிஞ்சுபோச்சு. சித்திரை மாதத்தில உள்ளுக்கு ஏறினா பாண் சுடுற போறணைக்குள்ள ஏறின மாதிரித்தான்.

"செல் துண்டு உந்தத் தகட்டைக் கண்டு பயந்து திரும்பிப் போகுமெண்டு நினைக்கிறியளோ?" எண்டு நான் பேசாத நாளில்லை. அவர் அசையேல்லை. வேடிக்கை என்னெண்டா, அந்தக் கூரை போட்டாப் பிறகு அந்தக் காருக்குள்ள இருந்த ஒருத்தருக்கும் ஒரு கீறல் விழேல்லை. விதியெண்டன் நான். கூரையெண்டார் அவர். சனமும் அவற்ர பக்கம்தான்.

கடைசிச் சண்டையில இடம்பெயர்ந்து ஓடேக்க வைக்கல் போருக்குள்ள காரை மறைச்சு வைச்சிட்டுப் போனனாங்கள். முகாமிலயெல்லாம் இருந்து திரும்பி வந்து பாத்தா வைக்கலைக் காணேல்லை, வீட்டு ஓட்டைக் காணேல்லை, கிணத்துக் கப்பியைக் காணேல்லை. கார் நிக்குது. சில்லு நாலும் போட்டுது, சீற்று போட்டுது, மிச்சம் அப்பிடியே. அந்த இரும்புத் தொப்பியைக் கண்ட கள்ளனுக்கு இது என்ன சாமானெண்டு விளங்கியிராது. அவர் போய்க் கூரையில கையை வைச்சுக்கொண்டு நிண்டு அழுதார். வீட்டைப் பாத்து அழேல்லை மனுசன்.

பேந்து ஒவ்வொரு சாமானாத் தேடிப் பூட்டி ஓடவைச்சார். ஓடவைச்சது எண்டா பெரிசா நினைக்காதையுங்கோ. கதவு கம்பியில நிண்டது, அடித்தட்டு கறள் தின்னுபோய்க் கீழால றோட்டுத் தெரியும். ஆனாலும் சந்தைக்கும் சங்கக் கடைக்கும் அதிலதான் போய்வந்தார்.

இப்ப சொல்லப்போறதுதான் விசயம். மூண்டு நாலு வருசத்துக்கு முந்தி அவருக்குக் கண் மங்கத் தொடங்கியிட்டுது. எனக்குத் தெரிஞ்சது. அவர் ஒத்துக்கொள்ளேல்லை. தேத்தண்ணியைக் கோப்பைக்கு வெளியில ஊத்துவார், கேட்டா லைற் மங்கலெண்டுவார். முத்தத்தில படுத்திருந்த நாயை உழக்குவார், கேட்டா நாய் மண் நிறமெண்டுவார். கறியில கறிவேப்பிலை கிடக்கிறது தெரியாமல் சப்புவார், கேட்டா என்ர கறி கறுப்பாம்! ஆடத்தெரியாதவள் மேடை கோணலெண்டாளாம். வவுனியாவில கண் கிளினிக்குக்கு ஒருக்காக் கூட்டிக்கொண்டு போனனான். வருத்தக்காரரைத் தவிர மற்றவை வெளியில நில்லுங்கோ எண்டிட்டினம். உள்ள போய் வந்தவர், "கண்ணில கொஞ்சம் பிறஷராம், மருந்து விட்டாச் சரியாம்" எண்டார். மருந்தை விட்டம். சரிவரேல்லை. திருப்பிப் போவமெண்டா வரமாட்டன் எண்டு நிண்டார்.

காரை மட்டும் விடேல்லை. நானும் சொல்லிச் சொல்லி வாய் நொந்துபோனன். "பழகின றோட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஓடுவன்" எண்டுவார். அதுதானே எனக்குப் பயம்.

மாசி மாதம் ஒரு பின்னேரம் பக்கத்து வீட்டுப் பிள்ளை யதுர்ஷிகா பள்ளிக்கூட வகுப்பு முடிஞ்சு சைக்கிளில வந்துகொண்டிருந்திருக்கு. இவர் நேர அவளுக்கு மேல விட்டிருக்கிறார். அவள் கெட்டிக்காரி, சைக்கிளை விட்டிட்டு வாய்க்காலுக்குள்ள பாய்ஞ்சிட்டாள். சைக்கிள் சில்லு அப்பளம் மாதிரி நெளிஞ்சு போச்சு. பிள்ளை நனைஞ்சு நடுங்கிக்கொண்டு எங்கட படலையில வந்து நிண்டாள். நான் அவளைத் துடைச்சு, தாய் தேப்பனிட்ட மன்னிப்புக் கேட்டு, சைக்கிளைத் திருத்திக் குடுத்து, எல்லாம் முடிச்சு வந்து கேட்டன்.

"இஞ்சருங்கோ, உண்மையைச் சொல்லுங்கோ. பிள்ளையைக் காணேல்லையோ?"

"கண்டனான். கண்டுக்குட்டியாக்கும் எண்டு நினைச்சன்."

பாவாடை சட்டையோட, ரெண்டு பின்னலோட வந்த பிள்ளை இவருக்குக் கண்டுக்குட்டி!

"பிழை கண்ணில இல்லை, கமலா," எண்டார். "அந்தக் கூரைத் தகடு. முன்னுக்கு நீட்டிக்கொண்டு நிண்டு வெளிச்சத்தை மறைக்குது. அதுதான் உள்ளுக்கு இருக்கேக்க ஒண்டும் தெரியுதில்லை."

இருபத்தைஞ்சு வருசமா உயிரைக் காப்பாத்தின கூரை அண்டைக்கு ஒரே நாளில குற்றவாளியாப் போச்சு.

நான் கார்த் திறப்பை எடுத்து அரிசி வாளிக்குள்ள புதைச்சன். அவர் திறப்புப் போடுற ஓட்டைக்குள்ள திருகாணி முறுக்கியை விட்டு ஸ்டார்ட் பண்ணப் பழகியிட்டார். அப்பதான் முடிவெடுத்தன். இந்தக் கார் வளவுக்குள்ள நிக்குமட்டும் ஒருநாள் ஒரு தாயின்ர பிள்ளையை இவர் கொல்லப் போறார். இல்லாட்டித் தான் சாகப்போறார். சீதனச் சாமானை விக்க எனக்கு ஒருத்தற்ர உத்தரவும் தேவையில்லை. வவுனியாவில இருக்கிற மகள் தேனுகாவுக்குப் போன் அடிச்சு, படம் எடுத்து இன்ரநெற்றில போடச் சொன்னன். பழைய திறந்த கார், திருத்த வேலை கிடக்கு எண்டு போட்டாள்.

பேந்து தொடங்கினதுதான் அந்தத் தேத்தண்ணிக் கதை.

கொழும்பில இருந்து ரெண்டு பேர் வந்திச்சினம். வந்து பாத்திட்டு, "அம்மா, திறந்த கார் எண்டியள், கூரை இருக்கே" எண்டிச்சினம். இவர் உடனை, "ஓம், கண்ணிருக்கிற ஆக்கள் போல" எண்டார். அவை போட்டினம். புளியங்குளத்தில இருந்து பழைய இரும்பு எடுக்கிறவர் ஒருத்தர் காந்தத்தோட வந்து கூரையைத் தடவி, "கூரைதான் பெறுமதி, மிச்சம் கறள்" எண்டார். அவரை இவர் படலைவரைக்கும் கலைச்சுக்கொண்டு போனவர். படலை எங்கயெண்டு தெரியாமல் வேலியில முட்டுப்பட்டு நிண்டது வேற கதை. லண்டனில இருந்து வந்த ஒரு அண்ணை நல்ல மரியாதையான ஆள். யாழ்ப்பாணத்தில ஹொட்டல் கட்டுறாராம், காரை முன்னுக்கு வைச்சு உள்ளுக்கு மண் போட்டுப் பூக்கண்டு நடப்போறாராம்.

"என்ன கண்டு?" எண்டு கேட்டார் எங்கட ஆள்.

"போகன்விலா, ஐயா."

"அப்ப என்னையும் சேர்த்துத் தாட்டுவிடுங்கோ, பசளையாப் போவன்."

அந்த மனுசன் தேத்தண்ணியை அரைவாசியில வைச்சிட்டு எழும்பிப் போட்டார். நான் அண்டைக்கு எங்கட ஆளோட நல்லாச் சண்டை பிடிச்சனான். கெடுகுடி சொற்கேளாது எண்டு தெரிஞ்சும் பிடிச்சனான். சண்டை பிடிச்சு முடிய எனக்கு எழும்ப ஏலாமல் போச்சு. குசினிப் படியில குந்தி இருந்திட்டன். இந்த வயசில ஒரு பொம்பிளை எத்தினையைப் பாக்கிறது? வயலைப் பாக்கிறது, வயலுக்குள்ள வாற யானையைப் பாக்கிறது, கண் தெரியாத மனுசன் காரெடுக்கிறாரோ எண்டு காது குடுத்துக்கொண்டு சமைக்கிறது. ஒரு எஞ்சின் சத்தம் றோட்டால போனாலும் அகப்பையைப் போட்டிட்டு ஓடிவந்து பாப்பன்.

ஆடி முடியேக்க சிவகரன் வந்தான். கிளிநொச்சிப் பொடியன், முப்பத்தைஞ்சு வயசிருக்கும். கலியாண வீடு, பிள்ளையள் பெரிசான சாமத்திய வீட்டுக்கு மணவறையும் காரும் வாடகைக்கு விடுறவன். இப்ப சாமத்தியப்பட்ட பிள்ளையைத் திறந்த காரில நிக்கவைச்சு ஊர்வலமாக் கொண்டுவாறதுதானே வழக்கம். முன்னுக்கு மேளம், மேலால ட்ரோன் கமரா. அவனிட்ட இருக்கிறது புதுக் காரொண்டைக் கூரை வெட்டி எடுத்த போலிக் கார். சனம் கண்டுபிடிச்சிட்டுதாம். உண்மையான திறந்த கார் அவனுக்கு வேணும்.

அவன் மற்றவை மாதிரி நிண்டு படமெடுக்கேல்லை. சாரத்தை மடிச்சுக் கட்டிக்கொண்டு காருக்குக் கீழ படுத்தான். கன நேரத்துக்குப் பிறகு வெளியில வந்தவன், "ஐயா, இது அசல். மடிக்கிற கூடாரத்தின்ர கம்பி இன்னும் பின்னுக்குக் கிடக்கு. ஆர் உந்தக் கூரையைப் போட்டது?" எண்டான்.

"நான்தான்."

"ஏன் ஐயா?"

அவர் அந்தப் பனங்காமத்துக் கதையைச் சொன்னார். சிவகரன் இடையில வாய் துறக்காமல் கேட்டான். அந்தப் பொடியனை அவருக்குப் பிடிச்சுப்போச்சு, எனக்கு விளங்கியிட்டுது. விலையும் ஒரு கதையில சரிவந்தது. நான் பிள்ளையாருக்குத் தேங்காய் நேந்துகொண்டு குசினிக்குள்ள போகேக்கதான் அவர் சொன்னார்.

"தம்பி, ஒண்டு. கூரையை இஞ்ச, இந்த முத்தத்தில வைச்சு வெட்டவேணும். வெட்டினாப் பிறகு நான் ஒருக்கா வாய்க்கால் வரைக்கும் ஓடித் திரும்பி வருவன். அதுக்குப் பிறகு கொண்டுபோங்கோ."

"அது பிரச்சினையில்லை ஐயா" எண்டான் அவன், ஒண்டும் அறியாத பிள்ளை.

என்ர பக்கம் திரும்பி, "அப்ப தெரியும் உனக்கு, கூரையோ கண்ணோ எண்டு" எண்டார்.

எனக்குத் தெரியாதோ அவற்ர கள்ளத்தை! ஒருக்கா ஓடித் திரும்பினா, "பாத்தியே, கூரைதான் பிழை, கண்ணுக்கு ஒண்டுமில்லை, கார் விக்கேல்லை" எண்டு நிப்பார். சிவகரனுக்கும் கூரை வெட்டின கூலியைக் குடுத்து அனுப்பிவிடுவார். பிறகு திறந்த காரில, கண் தெரியாமல், யதுர்ஷிகாக்களும் மாடுகளும் போற றோட்டில ஓடுவார். சிவகரனைத் தனியக் கூப்பிட்டுச் சொல்லுவமோ எண்டு யோசிச்சன். வாய் வரேல்லை. புருசனுக்குக் கண் தெரியாதெண்டு பிறத்தியாளுக்குச் சொல்லுறது எனக்கு என்னவோ மாதிரிக் கிடந்தது. அவர் வாய்திறந்து சொல்லாததை நான் எப்பிடிச் சொல்லுறது?

அடுத்த கிழமை சிவகரன் கிரைண்டரோட வந்தான். எங்கட வீட்டில வயர் இழுத்து வெட்டத் தொடங்கினான். நெருப்புப் பொறி பறக்க, நாய் ஓடிப்போய் வீட்டுக்குப் பின்னால கோடிக்குள்ள ஒளிச்சிட்டுது. இவர் கதிரையைப் போட்டுக் கிட்ட இருந்து, "அந்த மூலையில ரெண்டு ஒட்டு, தம்பி, இளையதம்பி அதில கூட ஒட்டினவன்" எண்டு சொல்லிக்கொண்டிருந்தார். சொன்ன இடத்தில எல்லாம் ஒட்டு இருந்தது. கடைசி மூலை விட்டவுடனை கூரை ஒரு பக்கமாச் சரிஞ்சு நிலத்தில விழுந்தது. அந்தச் சத்தத்துக்கு யதுர்ஷிகாவின்ர தாய் வேலிக்கு மேலால எட்டிப் பாத்தா.

பாரம் போனவுடனை கார் ரெண்டு விரல் உயரம் கிளம்பினது. நான் கண்ணால கண்டனான். கலியாணத்தண்டு நான் இருந்து வந்த அதே கார். ஒரு நிமிசம் எனக்கும் அதை விக்க மனமில்லாமல் போச்சு, ஏன் ஒளிப்பான்.

"எடுக்கட்டோ?" எண்டு எழும்பினார். கதவைத் தடவித் திறந்து ஏறினார். ஸ்டார்ட் பண்ணினார். பிடிச்சிட்டுது. வளவு முழுக்கப் புகை.

எனக்குக் கோவம் வந்தது. பயமா கோவமா எண்டு கேட்டா ரெண்டும்தான். ஒண்டும் யோசிக்கேல்லை, நேர காருக்கு முன்னுக்குப் போய் நிண்டன். பம்பரில முழங்கால் முட்ட, ரெண்டு கையையும் இடுப்பில வைச்சுக்கொண்டு நிண்டன். இடிக்கிறதெண்டா என்னை இடிச்சிட்டுப் போகட்டும், அதோட எல்லாம் முடிஞ்சுது எண்டு நினைச்சன். உச்சி வெயில். கூரையில்லை, மறைப்பில்லை. "விலத்தடி விசரி" எண்டு கத்துவாரெண்டு பாத்துக்கொண்டு நிண்டன். கத்தினா என்ன சொல்லவேணுமெண்டும் வாயில எடுத்து வைச்சிருந்தன்.

அவர் நேர என்ர முகத்தைப் பாத்தார். பாத்துச் சிரிச்சார்.

"தம்பி, நான் சொன்னனானெல்லே," எண்டார் சிவகரனுக்குக் கேக்கக் கத்தி. "இப்ப எல்லாம் பளிச்செண்டு தெரியுது. வாய்க்கால் வரைக்கும் தெரியுது."

சிவகரன் என்னைப் பாத்தான். நான் அவனைப் பாத்தன்.

"அவள் எங்கை? குசினிக்குள்ளதான் நிப்பாள். கூப்பிடுங்கோ தம்பி. வந்து பாக்கட்டும்."

சிவகரன் ஓடிவந்து கார்க் கதவைப் பிடிச்சான். இந்த வாய் இந்த வீட்டில ஒருநாளும் ஓய்ஞ்சதில்லை. வாயில எடுத்து வைச்சிருந்த பேச்செல்லாம் எங்கயோ போட்டுது. மங்கலெண்டுதான் நான் நினைச்சிருந்தன். இவ்வளவெண்டு நான் நினைக்கேல்லை.

"இஞ்சதானப்பா நிக்கிறன்" எண்டன்.

அவற்ர சிரிப்பு அப்பிடியே நிண்டது. "எங்க?"

"முன்னுக்கு."

எஞ்சின் ஓடிக்கொண்டு நிண்டது. அவர் தலையைக் கொஞ்சம் சரிச்சு என்ர குரல் வந்த பக்கம் காதைக் குடுத்தார்.

"எவ்வளவு கிட்ட?"

"என்ர முழங்கால் உங்கட காரில முட்டிக்கொண்டு நிக்குது."

அவர் எஞ்சினை நிப்பாட்டினார். ரெண்டு கையையும் ஸ்ரேறிங்கில வைச்சபடி இருந்தார். பங்குனியில தொடங்கின சண்டையில நான் வெண்டிட்டன். வெண்டு என்ன கண்டன்? கண்தான் பிழை எண்டு ஆயிரம் தரம் கத்தின நான், அது பொய்யா இருக்கக் கூடாதோ எண்டு அந்த வெயிலுக்குள்ள நிண்டு கும்பிட்டன்.

பேந்து அவர் இறங்கினார். திருகாணி முறுக்கியைச் சிவகரன்ர குரல் வந்த பக்கம் நீட்டி, "இந்தாங்கோ தம்பி. இதுதான் திறப்பு. உண்மையான திறப்பு இவள் எங்கயோ ஒளிச்சு வைச்சிருக்கிறாள், கேட்டு வாங்குங்கோ" எண்டார்.

நான் போய் அரிசி வாளிக்குள்ள கையை விட்டுத் திறப்பைக் கிளறி எடுத்துக்கொண்டு வந்து குடுத்தன். சிவகரனுக்கு முகம் செத்துப்போச்சு. "ஐயா, முதல் ஊர்வலத்துக்கு உங்களைக் கூட்டிக்கொண்டு போறன். முன்னுக்கு இருந்து வாங்கோ" எண்டான்.

"முன்னுக்கு வேண்டாம் தம்பி. முன்னுக்கு இருந்தாக் கால் பிரேக்கைத் தேடும். பின்னுக்கு இருத்துங்கோ."

கிளிநொச்சி வரைக்கும் கார் தன்பாட்டில ஓடாதெண்டபடியா எங்கட ஊர் மிசின்காரர் ஆண்டியப்பன் உழவுமிசினைக் கொண்டுவந்து கயிறு போட்டுக் கட்டினார். சிவகரன் ஏறி ஸ்ரேறிங்கைப் பிடிச்சான். கூரைத் தகட்டை அவன் கொண்டுபோகேல்லை, அது முத்தத்திலதான் கிடந்தது. கார் படலையால வெளிக்கிட, அவர் வேலிக்கட்டையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டார். நான் பக்கத்தில போய் நிண்டன்.

"எங்க போகுதெண்டு சொல்லு" எண்டார்.

"இப்ப யதுர்ஷிகா வீட்டடியில போகுது. பிள்ளை படலையில நிண்டு பாக்கிறாள்."

"ம்."

"இப்ப மதகில ஏறுது. மெல்லத்தான் இழுக்கிறார்."

"சில்லு ஆடுதோ?"

"பின் சில்லு கொஞ்சம் ஆடுது."

"அது ஆடும். பிறகு?"

பிறகு வளைவு. வளைவில திரும்பினால் பத்தை மறைச்சுப்போடும். கார் திரும்பியிட்டுது, ஒண்டுமில்லை, புழுதி மட்டும் நிக்குது. "இன்னும் தெரியுது" எண்டன். "நேராத்தான் போகுது."

"எப்பிடித் தெரியுது?"

"வடிவாத் தெரியுது. பச்சை தெரியுது."

அவர் றோட்டுப் பக்கம் காதைத் திருப்பினார்.

"பொய் சொல்லாதை, கமலா," எண்டார். "வளைவு திரும்பி மிசின் சத்தமும் அடங்கிப்போச்சு. எனக்குக் கண்தான் இல்லை. காது கேக்கும்."

கண்ணில்லை எண்டு அவர் வாயால சொன்னது அதுதான் முதல் தரம். அவற்ர கையைப் பிடிச்சன். முத்தத்தில கிடந்த கூரைத் தகட்டில கால் அடிபடாமல் சுத்திக் கூட்டிக்கொண்டு போய்க் கதிரையில இருத்தினன். பிறகு சோறு போட்டன். மீன் எந்தப் பக்கம், கத்தரிக்காய் எந்தப் பக்கமெண்டு சொல்லிச் சொல்லிப் போட்டன்.